ஞாயிறுதோறும் திறப்பு விழா

புதுப் புத்தகக்கடை ஒன்று பார்க்கப் போகலாம் என்று ஹைதராபாத்தின் தார்நாகா பகுதி நண்பர்கள் இருவர் கூப்பிட்டபோது, ஏசி போட்ட கடையை நினைத்துக்கொண்டுதான் கிளம்பினேன். சிட்டி பஸ் வித்யாநகர், நல்லகுண்டா தாண்டி கோட்டியில் இறக்கிவிட்டது. பேங்க் ஸ்ட்ரீட் வழியாக நடந்து ஆபிட்ஸ் வந்தால், பூட்டிய ஜவுளிக்கடை ஷட்டர் முன்னால் ஓர் இளைஞர் நீல பிளாஸ்டிக் ஷீட்டை உதறிக்கொண்டிருந்தார். “இதோ, இப்பத்தான் திறக்கறாங்க” என்றார் நண்பர்களில் ஒருவர்.

பொய்யில்லை. ஆபிட்ஸ் நடைபாதைக் கடைகள் ஞாயிறு காலையில் புதிதாய் முளைத்து, விளக்கு வைக்கும் நேரத்தில் காணாமல் போகிறவை. பல பத்தாண்டுகளாக இப்படித்தான்.

ஆபிட்ஸ் என்பதே ஒரு கடையால் வந்த பெயர். ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அந்தரங்கப் பணியாளர் ஆல்பர்ட் ஆபித் இங்கே கடை வைத்திருந்தார். கடை போய்ப் பெயர் நின்றது. வாரம் முழுக்கத் துணியும் செருப்பும் விற்கிற தெரு இது. ஞாயிறன்று ஷட்டர் இறங்கியதும் அந்தப் படிகளில் புத்தகம் ஏறுகிறது. ஞாயிறும் வியாபாரம் பார்ப்போம் என்று எந்தக் கடைக்காரர் நினைக்கிறாரோ, அவர் வாசலில் அன்று புத்தகம் கிடையாது. ஒருவர் பூட்டினால்தான் இன்னொருவர் திறக்க முடியும்.

விரிப்பதில் ஒரு முறை இருக்கிறது. நடந்து போகிறவரின் காலடியில் முதல் வரிசை: பளபளக்கும் அட்டைகள், படுக்கவைத்தபடி. அடுத்து போட்டித் தேர்வு கைடுகள், மருத்துவ, பொறியியல் பாடநூல்கள். அன்றைய சாப்பாட்டுச் செலவு இவற்றிலிருந்து வருகிறது. அதற்கும் பின்னால், முதுகு வானம் பார்க்க நெருக்கி அடுக்கிய ஆங்கில நாவல்கள். ஓரமாக, ‘எதை எடுத்தாலும் இருபது’ குவியல். சுவரை ஒட்டிய கடைசி வரிசைதான் விற்பவரின் கைப்பொருள். பைண்டு செய்த பழைய புத்தகம், பட அட்லஸ், உருது நூல் எல்லாம் அங்கே, கை நீட்டினால் எட்டாத தூரத்தில். வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்டால் ஆசை முகத்தில் தெரிந்துவிடும்.

இவ்வளவு சரக்கு எங்கிருந்து? ரத்திக்காரரிடமிருந்து. வீட்டு வாசலில் செய்தித்தாளோடு சேர்த்துக் கிலோக் கணக்கில் எடை போடுகிறவரிடம், புத்தகங்களை மட்டும் பிரித்து வாங்கிக்கொள்கிறார்கள். எடைக்கு வந்ததைத் தலைப்புக்கு விற்பதுதான் தொழில். இதில் தார்நாகாவுக்கு ஒரு பங்கு உண்டு. உஸ்மானியா பல்கலைக்கழகம், செல்-மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், ஆங்கிலம்-அயல்மொழிப் பல்கலைக்கழகமான இஃப்லு என்று படித்தவர்கள் குவிந்த பக்கம் அது. பேராசிரியர் ஓய்வு பெறுவார், பிள்ளைகள் அமெரிக்காவில் இருப்பார்கள், வீடு ஃபிளாட்டாக மாறும். அலமாரி எடைக்கு வரும். சாக்கு ஆபிட்ஸில் அவிழும். எங்களைப் போன்ற யாராவது அதைத் திரும்பத் தார்நாகாவுக்கே சுமந்து போவார்கள்.

அன்று சுவரோரம் ஓர் உருது இயற்பியல் பாடநூல் கிடந்தது. 1918-இல் தொடங்கிய உஸ்மானியாவில் உயர்கல்வியே உருதுவில்தான். அதற்காக 1917-லேயே மொழிபெயர்ப்புக் கூடம் ஒன்று அமைத்து, நூற்றுக்கணக்கான பாடநூல்களை உருதுவுக்குக் கொண்டுவந்தார்கள். 1948-க்குப் பின் வகுப்பறைக்குள் ஆங்கிலம் வந்தது. பாடநூல்கள் நடைபாதைக்கு வந்தன. நான் பார்த்ததன் விலை அறுபது ரூபாய்.

ஒன்றையும் மறைக்க வேண்டியதில்லை: முன்வரிசையின் பளபளப்பில் பாதி திருட்டுப் பதிப்பு. தாள் பின்பக்க எழுத்தைக் காட்டும், அட்டைப் படத்தில் வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும். பழைய புத்தகம் தேடி வருகிறவர்கள் குறைந்து, புதியது மலிவாகக் கிடைக்குமா என்று வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். எழுதினவருக்கு ஒரு பைசா போகாத வியாபாரம். எனக்கு இதில் சமாதானம் கிடையாது.

நடைபாதைக் கடைக்கு ஆயுள் உறுதியும் கிடையாது. சென்னை மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்ததோடு ஒரு தலைமுறையின் புத்தக வேட்டை முடிந்தது. டெல்லி தரியாகஞ்ச் ஞாயிற்றுச் சந்தையை 2019-இல் நீதிமன்ற உத்தரவின் பேரில் நடைபாதையிலிருந்து எழுப்பி, மகிளா ஹாட் மைதானத்துக்கு அனுப்பினார்கள். ஆபிட்ஸ்காரர்களுக்கு இந்தக் கதைகள் தெரியும். கேட்டால் தோளைக் குலுக்கிவிட்டு, நாம் கையில் வைத்திருக்கும் புத்தகத்தின் விலையைச் சொல்கிறார்கள்.

மூன்றாவது கடையில் தமிழ் கிடைத்தது. வார இதழில் வந்த தொடர்கதையைக் கத்தரித்து, வாரம் தவறாமல் சேர்த்து, பைண்டு செய்த தொகுதி. சிவப்புக் காலிகோ முதுகு, கரையான் தொட்ட மூலை, இரண்டு அத்தியாயங்களுக்கு நடுவே பாதி கிழிந்த தலைவலித் தைல விளம்பரம். எந்த வீட்டு அம்மா சேர்த்ததோ. செகந்திராபாத் கன்டோன்மென்டை நம்பி மதராஸ் மாகாணத்திலிருந்து வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் இங்கே ஏராளம். பத்மாராவ் நகர் என்ற பேட்டையின் பெயரே ஒரு முதலியாருடையது.

தொகுதி தலைகீழாகக் கிடந்தது. பக்கத்தில் இருந்த மலையாளப் புத்தகமும் அப்படியே. பாவம், எழுத்துத் தெரியாதவர் என்று நினைத்து நண்பர் இரண்டையும் நிமிர்த்தி வைத்தார். அப்புறம் தமிழ்த் தொகுதியின் முதல் வரியை உரக்கப் படித்தும் காட்டினார். அதுவரை புத்தகத்தின் தடிமனைப் பார்த்துக்கொண்டிருந்த கடைக்காரர் இப்போது எங்களைப் பார்த்தார். நூற்றைம்பது.

எதிர்க் குவியலில் இதே தடிமன் நூறுதானே என்று நண்பர் உள்ளூர் உருதுவான தக்கனியில் மல்லுக்கு நின்றார். “நக்கோ (வேண்டாம்) ஸாப்” என்று ஒரே சொல்லில் முடித்தார் கடைக்காரர். போனால் போகட்டும் என்று, மற்ற தலைகீழ்ப் புத்தகங்களையாவது மொழிவாரியாகப் பிரித்து நேராக வைத்துத் தருகிறோமே என்றோம். அதற்கும் நக்கோ.

“நேரா வெச்சா எல்லாரும் சும்மா பாத்துட்டுப் போவாங்க, ஸாப். தலைகீழா இருந்தா, படிக்கத் தெரிஞ்சவன் கை தானா வந்து திருப்பும். அவன்தான் வாங்கறவன்.”

நூற்றைம்பதுக்கு ஒப்புக்கொண்டு பணத்தை நீட்டினோம். மீதிச் சில்லறைக்குக் காத்திருந்தபோது, அவர் குனிந்து, நண்பர் நிமிர்த்தி வைத்த மலையாளப் புத்தகத்தை மறுபடியும் தலைகீழாகத் திருப்பி வைத்தார்.