ஐந்து வோல்ட்

பழைய கணினி ஒன்று கைக்கு வந்ததும் எவருக்கும் எழும் முதல் ஆசை, மின்னிணைப்புக் கொடுத்துப் பார்ப்பதே. நெடுங்காலம் உறங்கிய பொறிக்கு அதைவிடப் பெருந்தீங்கு வேறில்லை என்பது எங்கள் துணிபு. எங்களுள் ஒருவர் தமிழ் கற்பிப்பவர்; மற்றவர் இயற்பியல். இக்கட்டுரையில் மின்சாரம் பற்றி உருப்படியாக ஏதேனும் இருப்பின் அது இரண்டாமவரைச் சேரும்.

1984-85இல் இந்திய அரசு ‘கிளாஸ்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, முதற்கட்டமாக 250 பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோ கணினிகளை வழங்கியது. இங்கிலாந்தின் ஏகார்ன் நிறுவனம் வடிவமைத்த பொறி அது. நாகைப் பக்கத்துப் பள்ளியொன்றில் கணிதம் கற்பித்த ஐயா ஒருவர், பின்னாளில் கழிவு ஏலத்துக்கு வந்த அத்தகைய கணினியைத் தம் பணத்தில் எடுத்துப் பரணில் வைத்திருந்தார். கூடவே ஒரு கட்டம்போட்ட நோட்டு. அதில் எட்டுக்கு எட்டுக் கட்டங்களில் தமிழெழுத்துகள். ஒவ்வொன்றின் அருகிலும் எட்டு எண்கள். ‘விடியு 23’ என்னும் கட்டளையோடு அவ்வெண்களைத் தட்டினால் கணினி அவ்வெழுத்தின் வடிவத்தைக் கற்றுக்கொள்ளும். அதற்கு இயல்பாகக் கிடைக்கும் இடங்கள் 32 மட்டுமே. உயிரும் மெய்யும் சேர்ந்தே முப்பதாகிவிடுகின்றன என்றால் ஐயா பட்ட பாட்டை ஊகித்துக்கொள்ளலாம். 1978இன் எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை ஆகியவற்றின் தும்பிக்கை வடிவங்களைக் கைவிட்டது அவருக்குப் பேருதவி!

ஐயா எண்பதைக் கடந்துவிட்டார். சர்க்கரை நோய் பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாய்த் தின்றுகொண்டிருக்கிறது. "கண்ணு இருக்கும்போதே ஒருதடவை பாத்துடறேன் தம்பி, ஸ்விட்சைப் போடுங்க" என்றார். அவசரம் நியாயமானது, ஆயினும் மறுத்தோம்.

நிற்க. மறுத்ததன் காரணம் பெட்டிக்குள் இடப்புறத்தில் இருந்தது. வீட்டு மின்சாரத்தை வாங்கி 5 வோல்ட்டாக்கித் தரும் மின்வழங்கி அங்கே தனிப் பேழையாக அமர்ந்திருக்கிறது. மின்சாரம் நுழையும் வாயிலிலேயே இரைச்சலை வடிகட்ட இரு சிறு மின்தேக்கிகள்; ஒன்று 0.1, மற்றது 0.01 மைக்ரோஃபாரட். உலோகம் பூசிய காகிதத்தைத் தேன்நிறப் பிசினுக்குள் அடைத்துச் செய்தவை. ஆண்டுகள் செல்லப் பிசினில் வெடிப்பு விழுகிறது. அதன்வழியே காற்றின் ஈரம் காகிதத்தை அடைகிறது. பின்னர் என்றோ ஒருநாள் 230 வோல்ட் பாயும்போது சூடேறிப் புகைந்து சிதறுகிறது. கடற்கரைக் காற்றில் கிடந்த பொறியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? திறந்து பார்த்தால் இரண்டிலும் மயிரிழை வெடிப்புகள், வறண்ட குளத்துச் சேற்றைப் போல.

திறப்பதற்கும் ஒரு முறை உண்டு. உள்ளிருக்கும் பெரிய மின்தேக்கி, இயங்கும்போது ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தாங்கி நிற்பது. இணைப்பைப் பிடுங்கிய பின்னும் மின்னேற்றத்தை வைத்திருக்கக்கூடும். மல்டிமீட்டர் சுழியைக் காட்டும்வரை நாங்கள் விரல் நீட்டவில்லை.

மாற்றாக வாங்க வேண்டியது ‘எக்ஸ்2’ வகை. கடைக்காரர் சாதாரண 400 வோல்ட் மின்தேக்கியை நீட்டி, "எல்லாம் ஒண்ணுதாங்க" என்றார். ஒன்றல்ல. வீட்டு மின்சாரத்தின் இரு கம்பிகளுக்கும் குறுக்கே நிற்பதற்கென்றே சோதித்துச் சான்றளிக்கப்பட்டது எக்ஸ்2; பழுதுற்றாலும் தீப்பற்றாதிருக்க வேண்டும் என்பது அதன் இலக்கணம்.

அதன்பின்னும் மின்வழங்கியைக் கணினியோடு இணைக்கவில்லை. அது தவறிப்போய் 5க்குப் பதில் கூடுதல் அழுத்தத்தை அனுப்பினால் சில்லுகள் கருகிவிடும். இப்பொறிக்கென்றே செய்யப்பட்ட சில்லுகள் இன்று உற்பத்தியாவதில்லை. வெறுமனே ஓடவிடுவதும் இவ்வகை மின்வழங்கிக்கு ஆகாது. ஆகவே கணினிக்குப் பதிலாக 2.2 ஓம், 25 வாட் மின்தடை ஒன்றைச் சுமையாக வைத்தோம். வயரிங் வேலை செய்வோர் வைத்திருக்கும் சீரிஸ் பல்பை, பழைய 100 வாட் இழைப் பல்பு, மின்பாதையில் கோத்தோம். உள்ளே குறுக்குச்சுற்று இருந்தால் பல்பு முழு ஒளியோடு எரியும். இல்லையெனில் ஒருகணம் மின்னி மங்கும். மங்கியது.

ஆனால் 5 வோல்ட் வரவில்லை. பல்லி கொட்டுவது போல ‘டிக் டிக்’ என்றொரு ஒலி. ஒவ்வொரு ஒலிக்கும் அழுத்தம் எழுந்து எழுந்து விழுந்தது. பல்பே காரணமோ என்று அதை நீக்கியும் பார்த்தோம், அதே கதை. மின்வழங்கி தொடங்க முயன்று ஒவ்வொரு முறையும் தோற்கிறது என்று பொருள். தொடக்கச் சுற்றிலிருந்த சிறிய மின்பகு மின்தேக்கி உள்ளே காய்ந்து, தன் அளவில் பாதியைக்கூடக் காட்டவில்லை. அதையும் மாற்றினோம். 5.04 வோல்ட், அரைமணி நேரம் அசையாமல். அதன்பிறகே சிவப்பு, கறுப்பு, ஊதாக் கம்பிகளைக் கணினிப் பலகையில் செருகினோம்.

இப்பொறி விழிக்கும்போது இரண்டு ஒலிகள் கேட்கும். தாழ்ந்த முதல் ஒலியை ஒலிச்சில்லு தானாகவே எழுப்புகிறது. அதை அடக்கி உயர்ந்த இரண்டாம் ஒலியை எழுப்புவது செயலி. முதலொலி மட்டும் ஓயாது நீண்டால் செயலி வேலை செய்யவில்லை என்று கொள்ளலாம். இரண்டாவது ஒலி கேட்டதும் ஐயாதான் முதலில் சிரித்தார்.

அன்று மாலைக்குள் அகரம் முதல் ஓகாரம் வரை ஏற்றியாயிற்று. ஐயா திரையருகே முகத்தை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஔகாரத்துக்குத் தனி வடிவம், அதுவும் இரு கட்டங்களில், வேண்டும் என்கிறார் அவர். ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இட்டால் ஓரிடமும் செலவாகாதே என்கிறோம் நாங்கள். இன்னும் முடிவாகவில்லை.