பத்து பேர்ச் மண்

கொழும்பிலிருந்து புத்தளம் போகும் பஸ்ஸில் பாலாவியில் இறங்கிக் கற்பிட்டிப் பாதையில் திரும்பினால், வலப்பக்கம் களப்பு, இடப்பக்கம் தென்னைகளுக்கு அப்பால் கடல். நடுவே மணலில் சின்ன வெங்காயமும் மிளகாயும் பச்சை பிடித்துக் கிடக்கும். வெங்காயம் பிடுங்கும் பெண்களிடம் ஊர் கேட்டுப் பாருங்கள். தலை நரைத்த பலர் மன்னார் என்பார்கள், யாழ்ப்பாணம் என்பார்கள்.

1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 75,000 பேர். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டியில் கரை சேர்ந்தார்கள். புத்தளத்து மக்கள் பள்ளிவாசலையும் பள்ளிக்கூடத்தையும் திறந்துவிட்டார்கள். அந்த நன்றியை இன்றும் சொல்கிறார்கள். ஆனால் விருந்தாளியாக எத்தனை நாள் இருக்க முடியும்? சொந்த நாட்டிலேயே அந்நியராகி, "அகதி" என்பதே பெயராகிவிட்டது.

நான் பேசிய ராத்தா ஒருவர், கிடுகுக் குடிசையில் இருந்துகொண்டே வெங்காயக் கூலியில் சீட்டுப் போட்டார். பன்னிரண்டு பெண்கள், மாதம் ஒருவருக்கு. கழிவு இல்லை, ஏலம் இல்லை, போட்டது அப்படியே கைக்கு வரும். அதனால் வட்டி என்ற பேச்சே இல்லை. (நம் ஊர் ஏலச்சீட்டுக்காரர்கள் கவனிக்க!) இரண்டு சீட்டுப் பணத்தில் பத்து பேர்ச் காணி வாங்கினார். 160 பேர்ச் ஓர் ஏக்கர் என்றால் அது எவ்வளவு சிறிது என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விற்றவர் நல்ல மனிதர்தான். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தார். "போதும்" என்றார் கணவர். ராத்தா விடவில்லை. காதில் கிடந்ததை விற்று நொத்தாரிசிடம் போய், இரண்டு சாட்சிகளோடு உறுதி முடித்துப் பதிவும் செய்தார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, இலங்கையில் நொத்தாரிசு முன் முடிக்காத காணி விற்பனை செல்லாது. அவருக்கு அந்தச் சட்டம் தெரியாது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது என்று மத்ரஸாவில் ஓதியது மட்டும் நினைவிருந்தது.

2007இல் உலக வங்கி உதவியோடு வீடமைப்புத் திட்டம் வந்தபோது, முதலில் கேட்டது காணி உறுதியைத்தான். ராத்தாவுக்கு வேலை ஏற ஏறத் தவணையாகப் பணம் வந்தது, கல்வீடு எழும்பியது. பக்கத்துக் காணி அவருடைய தங்கையுடையது. அவரிடம் இருந்தது வெள்ளைத்தாள் மட்டும். விற்றவர் மௌத்தாகிவிட்டார், பிள்ளைகள் கையெழுத்துப் போட மறுத்தார்கள்.

2009இல் போர் முடிந்தது. மன்னாரில் வாப்பாவின் காணி காடு பற்றிக் கிடந்ததாம். "அதன் உறுதி எங்கே?" என்று கேட்டேன். "வெளியேறுன அன்னைக்கு உம்மா குர்ஆனை மட்டும்தான் எடுத்தா" என்றார். பிறகு தங்கையைத் தேநீருக்குக் கூப்பிட்டார். அவர் இப்போது இந்த வீட்டின் பின்னறையில்தான் இருக்கிறார்.