உற்றவன் சொல்லும் கணக்கு

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழமொழிக்குள் நுழைய வழியில்லாத குழந்தைகள் சிலர் இருக்கிறார்கள். நாட்பட்ட சிறுநீரக நோயோடு வாழ்பவர்கள். பெரியவர்களுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் முதன்மைக் காரணங்கள் என்றால், குழந்தைகளிடம் பெரும்பாலும் சிறுநீரகமோ சிறுநீர்ப்பாதையோ கருவிலேயே சரிவர உருவாகாமல் போவதுதான் காரணம். திரும்பிப் பார்த்து ஏங்குவதற்கு நோயற்ற ஒரு முற்காலம் அவர்களுக்கு இல்லை. அப்படியானால் அவர்களது வாழ்வின் நிறைகுறைகளை எதைக்கொண்டு அளப்பது?

மருத்துவ உலகில் இதற்கென ஒரு வினாத்தாள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் வார்னியும் குழுவினரும் உருவாக்கிய ‘பெட்ஸ்க்யூஎல்’. அதன் பொதுப்படிவத்தில் 23 வினாக்கள். உடல், மனம், பிறரோடு பழகுதல், பள்ளி என நான்கு பிரிவுகள். 5 முதல் 7 வயது வரையுள்ள குழந்தைகள் முகப்படங்களைச் சுட்டியே விடை சொல்லலாம். பெற்றோருக்கு ஒரு தாள், குழந்தைக்கு ஒரு தாள் என்று தனித்தனியே கேட்பதுதான் என்னைக் கவர்ந்தது. சிறுநீரக நோயுள்ள குழந்தைகளிடம் நடத்தப்பெற்ற பல ஆய்வுகளில், பெற்றோர் தரும் மதிப்பெண் குழந்தை தருவதைவிடக் குறைவாகவே இருந்திருக்கிறது. ஒரே வாழ்வு, இரண்டு கணக்குகள்.

என் அக்காள் மகளுக்கு வயது 11. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். குடிக்கும் நீருக்கு அளவு உண்டு. ரசமும் மோரும்கூட அந்த அளவில் சேரும். பொட்டாசியம் மிகுதி என்பதால் இளநீர் ஆகாது. வயதுக்கேற்ற வளர்த்தியும் இல்லை. இந்தப் பட்டியலைக் கண் கலங்காமல் சொல்லி முடிக்க அக்காவால் இயலாது.

ஒருநாள் அந்தப் பெண்ணிடமே கேட்டேன், உனக்கு எது கஷ்டம் என்று. “தாகம்தான் மாமா” என்றாள், பனிக்கட்டித் துண்டை வாயில் ஒதுக்கியபடி. சற்றுப் பொறுத்து, “வீட்டுப்பாடம் செய்யலன்னா டீச்சர் எல்லாரையும் திட்டறாங்க. என்னை மட்டும் திட்டறதே இல்ல” என்றாள்.

அக்காவின் கணக்கில் பள்ளிக்குப் போகாத நாட்கள் இருந்தன, இது இல்லை. அந்த ஆசிரியை காட்டியது உண்மையான இரக்கம். ஆயினும் அது இவளை மற்ற பிள்ளைகளின் வரிசையிலிருந்து சத்தமில்லாமல் பெயர்த்து வைத்துவிட்டது.

‘மருந்து’ அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார்: நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன். முதலிடம் நோயுற்றவனுக்கு. வகுப்பில் இவ்வரிசைக்குக் காரணம் கேட்டால், ‘நோய் அவனுடையது’ என்பார்கள் மாணவர்கள். நோயோடு கழியும் வாழ்வும் அவனுடையதே என்று இப்போதெல்லாம் சேர்த்துச் சொல்கிறேன்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினால் டயாலிசிஸ் நின்றுவிடும். தாகத்துக்குத் தண்ணீரும் குடிக்கலாம். எனினும் உடல் அதை நிராகரிக்காமலிருக்க நாள்தோறும் மாத்திரைகள் வேண்டும். குழந்தைப் பருவத்தில் பொருத்திய சிறுநீரகம் ஆயுள் முழுதும் உழைக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. எல்லாம் சரியான பிறகு வாழலாம் என்று இவர்களைக் காத்திருக்கச் சொல்ல நமக்கு வழியில்லை. பள்ளியும் விளையாட்டும் தோழிகளோடு சண்டையும் இப்போதே வேண்டும்.

இதை வாசிப்போரில் ஆசிரியர்கள் சிலரேனும் இருப்பீர்கள். இத்தகைய பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால், மருத்துவமனை நாட்களின் பாடக்குறிப்பை எடுத்துவைத்துக் கொடுங்கள். சிறுநீர் கழிக்கச் செல்லக் கேட்டால் மறுக்காதீர்கள். நோயின் முந்தைய கட்டங்களில் அடிக்கடி செல்லவேண்டிய பிள்ளைகளும் உண்டு. வீட்டுப்பாடம் முடிக்காமல் வந்தாலோ, உடம்புக்கு முடிந்ததா என்று விசாரியுங்கள். முடிந்திருந்தும் செய்யவில்லையென்றால், மற்றவர்களோடு சேர்த்து அவளையும் இரண்டு வார்த்தை கடிந்துகொள்ளுங்கள்.