மாப்ளைக்கு ஜன்னல் சீட்

வயது மூன்று. எடை 14 கிலோ. ஒரே இடத்தில் உட்காரும் நேரம் அதிகபட்சம் நாலு நிமிஷம். இப்படி ஒரு பையனை முதலில் ஒரு மணி நேரமும், அதே நாள் சாயங்காலம் இன்னொரு நாலு மணி நேரமும் பெல்ட் போட்டு உட்கார வைக்கணும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு நான் எழுதின ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட்டை விட இது தெளிவா இருந்துச்சு.

பையன் என் அக்கா மகன். எங்க பக்கம் தாய்மாமன் அக்கா பையனை "மாப்ள"ன்னுதான் கூப்பிடுவோம், அவன் டயப்பர் போட்ட காலத்திலிருந்தே. மச்சானுக்கு சிங்கப்பூரில் சாஃப்ட்வேர் வேலை. அவர் அங்கே போய் வீடு பார்த்து, விசா வாங்கி முடிக்க ஒன்றரை வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் அக்காவும் மாப்ளையும் ராசிபுரத்தில் எங்க வீட்டில்தான். செமஸ்டர் லீவுக்கு நான் வீட்டுக்குப் போனால் கேட் சத்தம் கேட்டு ஓடி வர்றது அவன்தான். இப்போ அவனைத்தான் அனுப்பணும்.

நம்ம ஊர் ஆளுங்க சிங்கப்பூர் போறதுன்னா பெரும்பாலும் திருச்சியில்தான் ஏறுவாங்க. ஆனால் மச்சானோட கம்பெனி போட்ட டிக்கெட் சென்னையிலிருந்து. ராசிபுரத்திலிருந்து கார்ல சென்னைன்னா குறைஞ்சது ஆறு மணி நேரம். அதனால சேலத்திலிருந்து சென்னைக்கும் ஃப்ளைட்டே போட்டுட்டோம். சேலம் ஏர்போர்ட் சேலத்தில் இல்லைன்னு தெரியாதவங்களுக்கு: அது ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கு. 2018-ல் உடான் திட்டத்தில் சென்னைக்கு விமானம் விட்டாங்க, நடுவில் நின்னுபோச்சு, 2023 அக்டோபரில் மறுபடி ஆரம்பிச்சாங்க. சென்னைக்கு ஒரு மணி நேரம்தான்.

அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் பிடிச்சுக்கிட்டேன். டெஸ்ட் பண்ணாமல் எதையும் ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பக் கூடாதுன்னு நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க இல்லையா? சேலம்–சென்னை ட்ரையல் ரன். கூட நான் போறேன். சென்னை–சிங்கப்பூர்தான் மெயின். அதில் அக்கா தனியா.

தயாரிப்பு வேலை மூணு வாரம் நடந்தது. முதலில் தேடிப் படிச்சது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். மூணு, நாலு வயசுக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு ஸ்க்ரீன் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்னு அதில் இருக்கு. அதை விட எனக்கு உறைச்சது இன்னொரு வரி: அந்த வயசுக் குழந்தையை ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போட்ட மாதிரி உட்கார வைக்கக் கூடாது. யோசிச்சுப் பாருங்க, விமான சீட்டுங்கறதே அதுதான். அவன் எட்டி உதைக்கிறது சேட்டை இல்லை, உடம்பு கேக்குது. அதனால அக்காவுக்கு முதல் ரூல்: பெல்ட் லைட் அணைஞ்சிருக்கும்போது மணிக்கு ஒரு தடவை எழுப்பி, பாத்ரூம் வரைக்கும் நடக்க வெச்சுக் கூட்டிட்டு வந்துடு. அவசரம் வந்தாலும் வராட்டியும்.

இரண்டாவது ரூல்: போன் கடைசியில்தான். அது ஒண்ணுதான் கண்டிப்பா வேலை செய்யும்னு நமக்குத் தெரியும். அதை முதலிலேயே காலி பண்ணிட்டா மிச்ச நேரத்துக்கு என்ன பண்றது?

அப்புறம் பை. எங்க அப்பா கோழிப்பண்ணையில் சூப்பர்வைசர். நாமக்கல் மாவட்டத்தில் எந்த வீட்டில் என்ன இல்லாட்டியும் முட்டை அட்டை இருக்கும். 30 முட்டை பிடிக்கிற அட்டையில் ஒரு வரிசை, அதாவது ஆறு குழி, கத்தரிச்சு எடுத்தேன். எடையே இல்லை, உடைஞ்சாலும் கவலை இல்லை. குழிக்குக் கொஞ்சம் பொரி போட்டால் பல்லாங்குழி. தோத்தாலும் ஜெயிச்சாலும் பொரி அவன் வாய்க்குத்தான் போகும். அடுத்தது ஸ்டேஷனரி கடையில் கிடைக்கிற பேப்பர் டேப் ஒரு ரோல். ட்ரேயில் ஒட்டினால் ரோடு, விரலில் சுத்தினால் மோதிரம், கிழிச்சு எடுக்கிறதே ஒரு விளையாட்டு. ஒட்டின தடம் இல்லாமல் உரிஞ்சு வந்துடும். அந்த ரோட்டில் ஓட்ட ஒரு சின்ன லாரி. நாமக்கல் பையனுக்கு கார் எல்லாம் கண்ணுக்கே தெரியாது, லாரிதான்.

அம்மா பத்து அவிச்ச முட்டை கட்டிக் கொடுக்கத் தயாரா இருந்தாங்க. மூடின கேபினில் அந்த வாசனைக்கு நம்மள இறக்கி விட்டுடுவாங்கன்னு சொல்லி ரெண்டா குறைச்சு, அதையும் வீட்டிலேயே ஊட்ட வெச்சோம். கடலை மிட்டாயும் வேண்டாம்னு எடுத்து வெச்சேன். அந்த வயசில் நிலக்கடலை தொண்டையில் மாட்டும். "அப்போ காது அடைக்காம இருக்க பபிள்கம் குடுத்து விடு"ன்னு பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னார். மூணு வயசுக்கு அது ஆகவே ஆகாது. போதாததுக்கு சிங்கப்பூரில் 1992-லிருந்து சூயிங்கம் கொண்டு போகவே தடை.

இந்தக் காது விஷயம் கொஞ்சம் முக்கியம். ஏற்காடு போயிருப்பீங்க. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கும்போது காது அடைக்கும், எச்சில் முழுங்கினா "டப்"புன்னு திறக்கும். ஏற்காடு சுமார் 5,000 அடி. ஜெட் விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கிற காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலையில் இருக்கிற அளவுக்குத்தான் குறைய விடுவாங்க. அதாவது உட்கார்ந்த இடத்திலேயே ஏற்காட்டுக்கு மேல் ஏறி இறங்குறோம். ஏறும்போது காதுக்குள் இருக்கிற காற்று தானா வெளியே வந்துடும். இறங்கும்போதுதான் சிக்கல். வெளி அழுத்தம் கூடிக்கிட்டே போகும், செவிப்பறை உள்பக்கம் தள்ளும். நடுக்காதையும் தொண்டையையும் இணைக்கிற யூஸ்டேஷியன் குழாய் திறந்தால்தான் சரியாகும். முழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ அது திறக்கும். சின்னப் பசங்களுக்கு அந்தக் குழாய் குறுகலா இருக்கும், வலின்னு சொல்லவும் தெரியாது. அதனால மூணாவது ரூல்: விமானம் இறங்க ஆரம்பிக்கும்போது தூங்க விடாதே, ஏதாவது முழுங்க வை.

ட்ரையல் ரன் அன்னைக்கு செக்யூரிட்டியில் இருந்தவர் ஸ்க்ரீனைப் பார்த்துட்டு பையைத் திறக்கச் சொன்னார். முட்டை அட்டையை எடுத்து இப்படி அப்படித் திருப்பிப் பார்த்துட்டு, "முட்டை எங்க தம்பி?"ன்னார். மாப்ள வயித்தைக் காட்டினான்.

சேலத்தில் ரன்வே பக்கம் நடந்து போய்த்தான் ஏறணும். ஏடிஆர் விமானம், ரெண்டு பக்கமும் ப்ரொப்பல்லர். மாப்ள நின்னுட்டான். "மாமா, இவ்ளோ பெரிய ஃபேன்!" அவனுக்கு ஜன்னல் சீட், பக்கத்தில் அக்கா. நடைபாதைக்கு இந்தப் பக்கம் நான். எனக்குப் பக்கத்தில் அறுபது வயசு இருக்கிற ஒரு அம்மா, பேரன் வீட்டுக்குப் போறாங்க. ஃபேன் சுத்த ஆரம்பிச்சதும் அவனுக்கு வேற எதுவும் தேவைப்படலை. மேலே ஏறினதும் சேர்வராயன் மலையைக் காட்டினோம். பல்லாங்குழி இருபது நிமிஷம் தாங்குச்சு. டேப் ரோடு பதினஞ்சு நிமிஷம். நான் ஒரு பேப்பரில் டைம் எழுதிக்கிட்டே வந்தேன். எல்லாம் பாஸ்.

சென்னைக்கு இறங்க ஆரம்பிச்சதும் காதைப் பொத்திக்கிட்டு அழுதான். தண்ணியைத் தள்ளி விட்டான், பொரியைத் துப்பினான். தூக்கிக்கலாம்னா பெல்ட் லைட் எரியுது. ரெண்டு வயசு தாண்டினால் விமானத்தில் மடி கிடையாது, தனி சீட், தனி பெல்ட். அவனுக்குக் காது குத்தினப்போ என் மடியில்தான் உட்கார்ந்தான். குலதெய்வம் கோயிலில் அவன் தலையை என் நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சு, சாவிக் கொத்தை ஆட்டி ஆட்டிக் காட்டினதுதான் தாய்மாமனா நான் செஞ்ச முதல் வேலை. இங்கே ஒன்றரை அடி தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்க முடிஞ்சது. முன் சீட்டில் லேப்டாப் வெச்சிருந்தவர் திரும்பி அக்காவிடம், "கொஞ்சம் கன்ட்ரோல் பண்ணுங்க மேடம்"னார். அக்கா முகம் எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியும்.

பக்கத்தில் இருந்த அம்மா எதுவும் பேசலை. கைப்பையிலிருந்து ஒரு கர்ச்சீப்பை எடுத்தாங்க. மடிச்சாங்க, சுருட்டினாங்க, ஒரு முனையை வாலாட்டம் இழுத்து விட்டாங்க. எலி. அதை உள்ளங்கையில் வெச்சுத் தடவிக் கொடுத்துட்டே விரலால் ஒரு சுண்டு. எலி என் கை மேல் ஏறி நடைபாதைப் பக்கம் பாய்ஞ்சது. மாப்ள அழுகையை நிறுத்தலை, ஆனா வால்யூம் குறைஞ்சது. ரெண்டாவது பாய்ச்சலுக்கு வாயைத் திறந்துட்டுப் பார்த்தான். "எலிக்குத் தாகமா இருக்காம் கண்ணு, நீ குடிச்சாத்தான் அது குடிக்குமாம்." சிப்பரை வாங்கிக் குடிச்சான். நாலு மடக்கு. காது திறந்திருக்கணும், ஏன்னா அடுத்தது சிரிச்சான்.

ராசிபுரம்–சேலம் பஸ்ஸில் வளர்ந்தவங்களுக்கு இது புதுசு இல்லை. கூட்டத்தில் குழந்தையோட ஒரு பொண்ணு ஏறினால், உட்கார்ந்திருக்கிற யாராவது "குடு சாமி, நான் வெச்சுக்கறேன்"னு கை நீட்டுவாங்க. யார் என்னன்னு கேக்க மாட்டாங்க. மல்லூர் தாண்டறதுக்குள் அந்தக் குழந்தை மூணு மடி மாறியிருக்கும். ஒருத்தர் வளையலைக் கொடுப்பார், ஒருத்தர் ஜன்னல் வழியா மாட்டைக் காட்டுவார். என்னையும் அப்படித்தான் தூக்கிட்டுப் போனதா அம்மா சொல்லுவாங்க. மூணு வாரமா அட்டை, டேப், லாரின்னு நான் யோசிச்சுக்கிட்டிருந்த வேலையை அங்கே ஒரு பஸ்ஸே சேர்ந்து செஞ்சுக்கிட்டிருந்தது. விமானத்தில் அத்தனை பேர் இருந்தும், எல்லாரும் அவங்கவங்க பெல்ட்டுக்குள். அதே வேலை மொத்தமும் ஒரு அம்மா தலையில் விழுது. அவளும் தடுமாறினால் "கன்ட்ரோல் பண்ணுங்க". டேப்பும் அட்டையும் தேவைதான். ஆனா அதை எடுத்து நீட்ட இன்னொரு கை வேணும்.

சென்னையில் டிபார்ச்சர் வாசலைத் தாண்டி எனக்கு அனுமதி இல்லை. மாப்ள ட்ராலி மேல் உட்கார்ந்திருந்தான். "மாமா வா"ன்னான். "நீ முன்னாடி போ மாப்ள, மாமா பரீட்சை எழுதிட்டு வரேன்"னு சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா ஒரு கையில் ட்ராலியும் ஒரு கையில் ரெண்டு பாஸ்போர்ட்டும் வெச்சுக்கிட்டுப் போறதைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு நின்னேன். ராத்திரி சென்ட்ரலில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினேன். தூக்கம் வரலை.

காலையில் அக்காவோட வாய்ஸ் மெசேஜ், ஏழு நிமிஷம். பக்கத்து சீட்டில் பட்டுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருத்தர், கட்டுமான வேலைக்கு ரெண்டாவது தடவையா போறவர். மாப்ள டேப்பை எடுத்து முதலில் அவர் கையில்தான் ஒட்டினானாம். அவர் சிரிச்சுட்டு அவன் மூக்கில் ஒட்டினாராம். முட்டை அட்டையைப் பார்த்ததும் அவருக்கே விளையாடத் தெரிஞ்சிருக்கு. மணிக்கு ஒரு தடவை நடக்கிற ரூலையும் அவரே எடுத்துக்கிட்டார். "நீங்க சாப்பிடுங்க தங்கச்சி, நான் கூட்டிட்டுப் போறேன்"னு கடைசி வரிசை வரைக்கும் போயிட்டு வந்திருக்காங்க. அவருக்கும் மூணு வயசில் ஒரு பொண்ணாம். கிளம்பும்போது அவ தூங்கிட்டு இருந்தா, எழுப்பினா விட மாட்டாள்னு எழுப்பாமல் வந்துட்டாராம். நடுவில் மாப்ள அவர் தோளில் சாய்ஞ்சு தூங்கினப்போ, "எழுப்பாதீங்க, இருக்கட்டும்"னு முக்கால் மணி நேரம் அசையாமல் இருந்திருக்கார். இறங்கறதுக்கு முன்னாடி அக்கா ரூல் மூணைச் சொன்னதும், அவரே தட்டி எழுப்பித் தண்ணி கொடுத்தாராம். போனை எடுக்கவே இல்லைன்னு அக்கா சொன்னா.

இந்த வருஷம் நம்ம பேட்ச்சில் நிறையப் பேர் ஜாயினிங்குக்கு முதல் ஃப்ளைட் ஏறப் போறோம். ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருப்போம். முன் சீட்டு இடுக்கில் ஒரு சின்னக் கண்ணு எட்டிப் பார்க்கும், பின்னாடி ஒரு கால் உதைக்கும். அந்த அம்மா ஏற்கனவே நாலு தடவை சாரி சொல்லியிருப்பாங்க. அவங்களைக் கேட்டுட்டு ஒரு பத்து நிமிஷம் கை கொடுங்க. கர்ச்சீப்பில் எலி செய்யப் பழக ஒரு சாயங்காலம் போதும், எனக்கு இப்போ நல்லாவே பாயுது.

போன ஞாயிறு வீடியோ காலில் மாப்ள வந்தான். கீழ் வீட்டுப் பையனோட சேர்ந்து ஹாலில் காமலாபுரம் ரன்வே போட்டிருக்கான். பாதியில் நிக்குது. "மாமா, டேப் தீந்துருச்சு." அங்கே கடையில் கிடைக்குமேன்னு கேட்டால், அது வேணாமாம், மாமா டேப்தான் வேணுமாம். உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாராவது சிங்கப்பூர் கிளம்பினால் ஈசிஈ ஃபைனல் இயர் பக்கம் வந்து சொல்லுங்க. ஒரே ஒரு ரோல்தான், 50 கிராம் கூட வராது.