லயத்தில் பிறக்கும் லயம்

மலையகத் தமிழருக்கு ‘லயம்’ என்னும் சொல் இருபொருள் தருவது. தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளும் லயம். இசையின் கால அளவும் லயம். இவ்விரண்டையும் ஒருங்கே அறிய விரும்புவோர் மார்கழி விடியலிற் பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களுக்கு வரவேண்டும். பஜனைக் கோஷ்டி கண்ணிற் படுமுன்னரே, பனிமூட்டத்தினூடே சப்ளாக்கட்டையின் ஒலி நம்மை வந்தடையும்.

மேலைநாடுகளில் விலா எலும்புத் துண்டுகள் இரண்டை விரல்களிடையே பிடித்து, மணிக்கட்டை அசைத்துத் தாளமிடும் வழக்கம் உண்டு. ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனில் இரவுக் கனவு’ நாடகத்தில் பொட்டம் என்னும் நெசவுத் தொழிலாளி கேட்க விரும்புவதும் இவ்வெலும்பிசையே. நமது சப்ளாக்கட்டையும் அதன் இனத்தைச் சேர்ந்ததே. மிருதங்கம் வாங்க வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் இசையில் ஓர் இடம் தருவது இதன் பெருமை.

“சேர், நல்ல கட்டையை எப்படித் தெரிவது?” என்று மாணவர் என்னைக் கேட்பதுண்டு. விலையையும் வண்ணத்தையும் பாராதீர்கள். மரம் கனமாய், முடிச்சின்றி, நன்கு உலர்ந்ததாய் இருத்தல் வேண்டும். இரு கட்டைகளையும் சேர்த்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தட்டையான முகங்கள் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். பித்தளை வில்லைகள் தடையின்றி அசைய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வளையங்கள் உங்கள் விரலுக்கு இசைய வேண்டும். பிறர் கைக்குப் பொருந்தியது உமக்குப் பொருந்துமென்பது நியதியன்று. ஊவாவில் மார்கழி மழைக்காலமாதலால் ஈரம் ஏறிய மரம் மங்கி ஒலிக்கும். அதற்காக அடுப்பருகே வைத்தால் வெடித்துவிடும். துணியிற் சுற்றி வைத்தலே நலம்.

இனி, வாசிக்கும் முறை. ஒரு கட்டையிற் பெருவிரலும் மற்றதில் ஏனைய விரல்களும் நிற்கும. இறுகப் பிடித்தால் ஒலி செத்துவிடும். தட்டியவுடன் கட்டைகள் பிரிய வேண்டும். முதலில் ஆதி தாளத்தின் 8 எண்ணிக்கைக்கும் ஒவ்வொரு தட்டு. அது நிலைத்தபின் இரட்டித்துத் தட்டலாம். பாட்டு விரையும்போது தாமும் விரையாதிருப்பதே கடினம். கோஷ்டி முழுவதும் அவ்வொரு கையை நம்பியன்றோ நடக்கின்றது!

எங்கள் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முன்பு இருபது பேருக்குக் குறையாது பஜனை சென்ற நாட்களை நான் கண்டிருக்கிறேன். சென்ற மார்கழியில் அறுவர் மட்டுமே சென்றனர். இளைஞர் பலர் கொழும்புக் கடைகளுக்குப் போய்விட்டனர். கோயில் ஒலிபெருக்கியோ ஆளில்லாமலே பாடுகின்றது. பிழைப்பைத் தேடிச் சென்றோரைக் குறைகூறல் தகாது. ஆயினும் ஒலிபெருக்கி எந்தப் பிள்ளைக்கும் தாளம் கற்பிப்பதில்லை. வகுப்பில் வாய் திறவாத மாணவன் ஒருவன், அவ்வறுவருக்கு முன்னே கட்டை தட்டித் தலைநிமிர்ந்து நடந்ததை நான் பார்த்தேன். அடுத்த நாள் வகுப்பில் அவன் தானாகவே எழுந்து ஒரு கேள்வி கேட்டான்.

பெற்றோரே, உங்கள் வீட்டுப் பரணிற் பாட்டன் விட்டுச்சென்ற கட்டை இருக்குமாயின், மார்கழி பிறக்குமுன் அதைத் துடைத்துப் பிள்ளையின் கையிற் கொடுங்கள்.