விகடகவியைத் திருப்பிப் போட்டால்

கோடிங் பழகத் தொடங்கிற ஆக்களுக்கு எல்லாரும் சொல்லுற புத்தி ஒண்டு இருக்கு: விடாமல் செய். எதை விடாமல் செய்யிறது எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லுறேல்லை.

நாங்கள் நாலு பேர் பைத்தன் பழகத் தொடங்கினது 2022 மார்ச்சில, உயர்தரப் பரீட்சை எழுதி முடிச்ச கையோட. கம்பஸ் கிடைக்குமோ கிடையாதோ எண்டு தெரியாத இடைவெளி அது. "பிள்ளை இப்ப என்ன செய்யுது?" எண்டு கேக்கிற சொந்தக்காரருக்குச் சொல்ல ஒரு பதில் தேவைப்பட்டது எண்டதும் உண்மைதான். எங்களிட்ட இருந்தது ஒரு பழைய லாப்டொப்பும் மூண்டு ஃபோனும். அந்த மாதக் கடைசியில நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினாங்கள்.

வீடியோ பார்க்க வழியில்லாததால கொப்பியில கோட் எழுதினம். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில, அந்த நேரம் எந்த மாறிக்குள்ள என்ன பெறுமதி நிக்கும் எண்டு பென்சிலால எழுதி, ஆளாளுக்குக் கொப்பி மாத்தித் திருத்தினம். கரண்ட் வந்த உடன டைப் பண்ணி ஓடவிடுறது. விடை வேற மாதிரி வந்தால், எங்கட கணக்கும் கம்ப்யூட்டரின்ர கணக்கும் எந்த வரியில பிரிஞ்சது எண்டு கொப்பியில தேடலாம். ஒரு மணித்தியால வீடியோ தாற 'விளங்கிட்டுது' எண்ட உணர்வை நாங்கள் இப்பவும் பெரிசா நம்புறேல்லை.

ஆனால் ரெண்டு மாதத்தில உற்சாகம் வடிஞ்சு போச்சு. ஒற்றை எண்ணா இரட்டை எண்ணா, பெருக்கல் வாய்ப்பாடு, திரும்பவும் ஒற்றை இரட்டை. எங்களுக்கு முதலே தெரிஞ்ச பதில்கள், ஆருக்கு வேணும்? எங்களில ஒருத்தி வாறதைக் குறைச்சிட்டா. அவவைத் திரும்பக் கொண்டுவந்தது ஒரு பகிடி. 'விகடகவி' ரெண்டு பக்கத்தால வாசிச்சாலும் ஒண்டுதானே, பைத்தன் என்ன சொல்லுது பாப்பம் எண்டு போட்டம். ஃபால்ஸ் எண்டு சொல்லிச்சுது! தெனாலிராமனே கோவிச்சிருப்பான்.

ஏன் எண்டு தேடப்போய்த்தான் விஷயம் பிடிபட்டது. யூனிகோடில 'வி' ஒரு துண்டு இல்லை. 'வ' வேற, இகரக் குறி வேற. நாங்கள் 5 எழுத்தா வாசிக்கிற விகடகவி பைத்தனுக்கு 7. திருப்பினால் குறி போய் 'க'வில ஒட்டிக்கொள்ளும். 'தமிழ்' எண்ட சொல்லின்ர நீளம் கேட்டாலும் 3 வராது, 5 எண்டுதான் வரும்.

ஓப்பன் தமிழ் எண்ட லைப்ரரியில இதுக்குத் தீர்வு ஆயத்தமா இருக்கு. எண்டாலும் நாங்களே எழுதிப் பாப்பம் எண்டு நிண்டம். ஒவ்வொரு துண்டா எடு. உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் முன்னால நிக்கிற எழுத்தோட ஒட்டு. இல்லாட்டி லிஸ்டில புது எழுத்தாப் போடு. சொல்ல லேசு. லூப், இஃப், லிஸ்ட் எல்லாம் தனித்தனியாத் தெரிஞ்சிருந்தும் ஒண்டாச் சேர்க்க நாலு பின்னேரம் போச்சு. சிவப்பில நீளமாப் பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியை முதல் வாசிக்கிற பழக்கமும் அப்பதான் வந்தது. என்ன வகைப் பிழை எண்டதைப் பைத்தன் அங்கதான் சொல்லும்.

சரி வந்த அடுத்த நாள் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டு, பார்க்காமல் திரும்ப எழுதினம். எரிச்சல் பிடிச்ச வேலை. ஆனால் புதுசாத் தொடங்கிற ஒருத்தருக்கு ஒரேயொரு பயிற்சி சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லுவம். கை எங்க நிக்குதோ அங்கதான் இன்னும் விளங்கேல்லை.

நாலு பேரில ஒராள் பிறகு கடை வேலைக்குப் போயிட்டார், கோடிங்கும் விட்டாச்சு. அவருக்கு அதில கவலையில்லை, எங்களுக்கும் இல்லை. மற்ற மூண்டு பேரும் ஞாயிறு பின்னேரங்களில இன்னும் கூடுறம். 'க்ஷ' ஒரு எழுத்தா ரெண்டா எண்ட சண்டை இன்னும் முடியேல்லை. எங்கட கோட் இப்போதைக்கு ரெண்டு எண்டுதான் எண்ணுது.