உரோமையில் தேனிலவு: தங்குமிடம் எங்கே?

திருமணம் இனிதே நிறைவேறி, மறுவீடும் விருந்துகளும் ஓய்ந்தபின் மணமக்கள் இருவரும் தனித்துச் செல்லும் பயணத்தைத் தேனிலவு என்கிறோம். நம் பெற்றோர் அச்சொல்லையே அறியார். வேளாங்கண்ணிக்குச் சென்று மாதாவின் திருமுன் மெழுகுவர்த்தி ஏற்றி, கடலில் கால் நனைத்து வீடு திரும்பினால் அதுவே அவர்களுக்குப் பெரும்பயணம். இன்றோ, வளைகுடா நாடுகளில் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைக் கொண்டு உரோமை மாநகர் வரை சென்றுவரும் இளையோர் நம் பங்குகளிலேயே இருக்கின்றனர். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும் அப்பயணத்தில் மணமக்கள் கூடிச் செய்யவேண்டிய முதல் தீர்மானம் ஒன்றுண்டு: எங்கே தங்குவது? இது சிறிய காரியமென்று நாமும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், தமக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண்ணுடன் பங்குமனைக்கு வந்தார். மூன்றாம் ஓலை வாசித்து முடிந்த ஞாயிறு அது. “சாமி, நீங்க உரோமாபுரியிலே படிச்சவங்க. நாங்க அஞ்சு நாள் போறோம். எங்கே தங்கினா நல்லது?” என்று கேட்டார். நாம் சற்றும் தயங்கவில்லை. டைபர் நதிக்கு மேற்கே ஒரு மேட்டின்மேல் கன்னியர் நடத்தும் விருந்தினர் இல்லம் ஒன்றைச் சொன்னோம். கட்டணம் மிதம், அறைகள் தூய்மை, காலையில் திருப்பலி, பின்பு சிற்றுண்டி. மாணவராக இருந்த நாட்களில் நாமே விருந்தினரை அங்கு அழைத்துச் சென்றதுண்டு. இளைஞர் நன்றி கூறி எழுதிக்கொண்டார். அருகில் நின்ற பெண்ணிடம் நாம் எதுவும் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

மறு ஆண்டு, குழந்தையின் ஞானஸ்நானத்திற்குப் பெயர் கொடுக்க இருவரும் வந்தபோதுதான் நடந்தது தெரிந்தது. அப்பெண் சிரித்துக்கொண்டே சொன்னார், கணவர் சிரிக்கவில்லை. அவ்வில்லத்தின் வெளிக்கதவு இரவு 10.30 மணிக்கு அடைக்கப்படும். உரோமையர் இரவுணவு உண்பதோ எட்டு மணிக்குமேல். பல உணவகங்கள் ஏழரைக்குத்தான் அடுப்பு மூட்டும். இரண்டாம் நாள் இவர்கள் உண்டு முடித்து, பேருந்துக்குக் காத்திருந்து, மேட்டில் ஏறிவரும்போது மணி 10.50. அழைப்புமணியை அழுத்தி இருபது நிமிடம் படியில் அமர்ந்திருந்தனர். “நீ மெதுவா நடந்ததாலேதான்” என்றார் இவர். “நீங்கதானே இந்த இடத்தைப் பார்த்தீங்க” என்றார் அவர். “நானா பார்த்தேன்? சாமி சொன்னாங்க” என்றார் இவர். வயது முதிர்ந்த சகோதரி ஒருவர் உறக்கம் கலைந்து வந்து கதவைத் திறந்தார். அறைக்குள் சென்றால், இரு சுவர்களின் ஓரமாக இரண்டு ஒற்றைக் கட்டில்கள், நடுவில் மேசை. ஐந்து நாள் பயணத்தில் இரண்டு நாட்கள் பேசாமலே கழிந்தனவாம்.

அக்கன்னியர்மீது குற்றமொன்றுமில்லை. கதவடைக்கும் நேரம் வாயிலிலேயே எழுதப்பட்டிருந்தது. குற்றம் நம்முடையதே. ஒரு குருவானவருக்கு ஏற்ற இடத்தை ஒரு மணமகளுக்குச் சொல்லிவிட்டோம்.

2025-ஆம் யூபிலி ஆண்டில், திருப்பயணக் குழு ஒன்றுடன் மீண்டும் உரோமை செல்லும் பேறு நமக்குக் கிட்டியது. ஓய்வாகக் கிடைத்த இரண்டு பிற்பகல்களையும் அந்தப் பழைய கடனைத் தீர்ப்பதற்கே செலவிட்டோம். புதிதாக மணமுடித்த இருவர் இந்நகரில் எங்கே தங்கலாம் என்ற ஒரே நோக்கோடு பகுதி பகுதியாக நடந்து பார்த்தோம். கண்டதைக் கீழே தருகிறோம்.

முதலில் தெர்மினி இரயில் நிலையப் பகுதி. விமான நிலையத்திலிருந்து விரைவு இரயில் ஏறினால் அரை மணியளவில் இங்கு வந்து இறங்கலாம். நகரின் சுரங்க இரயில் பாதைகளான ஏ, பி இரண்டும் சந்திக்கும் இடமும் இதுவே. ஏ பாதையில் ஆறாம் நிலையமான ஒத்தாவியானோவில் இறங்கினால் புனித இராயப்பர் பேராலயம் நடக்கும் தூரம். பி பாதையில் இரண்டாம் நிலையம் கொலோசியம். தங்குமிடங்கள் மலிவாகவும் மலிந்தும் கிடைக்கும். பத்து நிமிட நடையில் மரியன்னையின் பேராலயமாகிய சாந்தா மரியா மஜோரே உண்டு. பாப்பரசர் பிரான்சிஸ் 2025 ஏப்ரல் 26 அன்று அங்குதான் நல்லடக்கம் செய்யப்பட்டார். இத்தனை வசதியும் உண்மை. ஆனால் நிலையத்தை ஒட்டிய சில தெருக்கள் இரவில் மனத்திற்கு இதமாக இல்லை. பைகளையும் காத்துக்கொள்ள வேண்டும். அதிகாலை வண்டி பிடிப்பவருக்கு ஏற்ற இடம். கைகோத்து உலவ விரும்புவோருக்கு அன்று.

அங்கிருந்து கொலோசியம் நோக்கி இறங்கும் சரிவில் மோந்தி என்னும் பழம்பகுதி உள்ளது. பண்டைய உரோமையில் எளியோர் நெருங்கி வாழ்ந்த சுபூரா இதுவே. இன்று ஒடுங்கிய தெருக்களும், சாளரங்களில் பூச்செடிகளும், சிறு உணவகங்களுமாகக் காட்சி தருகிறது. மாலையில் நீரூற்றின் படிகளில் ஊர்மக்களும் வெளியூராரும் கலந்து அமர்ந்திருக்கின்றனர். கிறிஸ்தவக் கலையின் மிகத் தொன்மையான கற்பதிகை ஓவியங்களுள் ஒன்றைக் கொண்ட சாந்தா புதென்சியானா ஆலயமும் இங்குண்டு. நிலையத்திற்கும் அண்மை, பழம்பெரும் இடிபாடுகளுக்கும் அண்மை. வாடகை நடுத்தரம். கருங்கல் பதித்த தெருக்களும் ஏற்ற இறக்கங்களுமே குறை. உருளை வைத்த பெட்டி இங்கே பெருந்தொல்லை தரும்.

மூன்றாவது, வத்திக்கானை ஒட்டிய போர்கோ, பிராத்தி ஆகிய பகுதிகள். போர்கோ பழையது, திருப்பயணிகளை வரவேற்றே வளர்ந்த சிறு தெருக்கள். பகலில் கூட்டம் நெரியும். இரவானால் பயணியர் கலைந்து அமைதி சூழும். அவ்வேளையில் புனித இராயப்பர் சதுக்கத்தின் தூண்களிடையே மெல்ல நடப்பது பெரும் பேறு. பிராத்தியோ 1870-க்குப் பின் எழுந்த புதுப்பகுதி. அகன்ற நேர்த் தெருக்கள், உறுதியான கட்டடங்கள், கடைகள், சுரங்க இரயில் யாவும் உண்டு. பெற்றோர் கவலையின்றி இருக்கவேண்டுமெனில் இதைச் சொல்லலாம்.

இப்பகுதிக்குச் சிறப்பான காரணம் ஒன்றும் உண்டு. பாப்பரசர் உரோமையில் இருக்கும் புதன்கிழமைகளில் நடைபெறும் பொதுச் சந்திப்பிற்குப் புதுமணத் தம்பதியர் திருமண உடையிலேயே வரலாம். அவர்களுக்கென்று தனியிடம் ஒதுக்கப்படுகிறது. 1939 முதல் 1943 வரை பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் இத்தம்பதியருக்கென்றே பல உரைகள் ஆற்றினார். போர் மூண்டிருந்த காலத்திலும் அது நிற்கவில்லை. நுழைவுச்சீட்டு இலவசம், முன்கூட்டியே விண்ணப்பித்து, ஆலயத் திருமணச் சான்றிதழையும் கையில் கொண்டுசெல்ல வேண்டும். ஜூலை மாதத்தில் பொதுவாக இச்சந்திப்பு நடைபெறுவதில்லை. நாம் சென்ற புதனன்று வெண்ணிற ஆடைகள் வரிசையாகத் தெரிந்தன. நம் ஊர் மணமகள் ஒருத்தி தன் கூறைப்புடவையுடன் அங்கு அமர்ந்தால் எத்துணை அழகு என்று எண்ணிக்கொண்டோம். அதிகாலையிலேயே வரிசையில் நிற்கவேண்டுமாதலால், முதல்நாள் இரவேனும் அருகில் தங்குவது அறிவுடைமை.

நான்காவது, நகரின் நெஞ்சம் போன்ற பழைய மையம். நவோனா சதுக்கம், திரெவி நீரூற்று, பழைய கோவிலாக இருந்து 609-இல் ஆலயமாகிய பந்தேயோன் ஆகியவை காலாற நடக்கும் தூரத்தில் கிடக்கின்றன. அறைவாடகை மிக அதிகம். சில சதுக்கங்களில் நள்ளிரவு தாண்டியும் கூச்சல். பணமுள்ளோர், உள்முற்றம் நோக்கிய அறையாகக் கேட்டுப் பெற்றால் நன்று.

ஐந்தாவது, ஆற்றின் மறுகரையிலுள்ள திராஸ்தேவெரே. ‘டைபருக்கு அப்பால்’ என்பதே அப்பெயரின் பொருள். கொடி படர்ந்த சுவர்களும், பன்னிரண்டாம் நூற்றாண்டின் பொன்னொளிர் கற்பதிகை ஓவியங்கள் அமைந்த சாந்தா மரியா ஆலயமும் கண்ணைக் கவர்கின்றன. மாலையில் அங்கு நடைபெறும் பொதுச்செபத்தில் அயலாரும் கலந்துகொள்ளலாம். ஆனால் இப்பகுதியில் சுரங்க இரயில் நிலையம் கிடையாது; வார இறுதி இரவுகளில் மதுக்கடைகளின் ஆரவாரமும் அதிகம்.

கடைசியாக அவெந்தீனோ குன்று. ஐந்தாம் நூற்றாண்டின் சாந்தா சபீனா ஆலயம், ஆரஞ்சு மரத்தோட்டம், அங்கிருந்து தெரியும் பேராலயக் குவிமாடம் என்று எல்லாம் அமைதியே. கடைகளும் உணவகங்களும் குறைவு. இரவில் குன்றேறி வரவேண்டும். ஓசையை வெறுக்கும் தம்பதியர்க்கு உகந்தது.

எப்பகுதியைத் தேர்ந்தாலும், பணம் கட்டுமுன் சில வினாக்களை எழுத்து மூலம் கேட்டுத் தெளிந்துகொள்க. இரவில் கதவடைக்கும் நேரம் உண்டா? இரட்டைக் கட்டிலா, இரண்டு ஒற்றைக் கட்டில்களா? இத்தாலிய மொழியில் ‘மத்ரிமோனியாலே’ என்ற சொல்லே இரட்டைக் கட்டிலைக் குறிக்கும்; திருமணக் கட்டில் என்று பொருள். மின்தூக்கி உண்டா, எத்தனையாவது மாடி? கோடையில் சென்றால் குளிர்சாதனம் உண்டா? மேலும், அறைவாடகையன்றி ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் இரவுக்கும் நகராட்சி வரி தனியே செலுத்தவேண்டும். குடிநீர்ச் செலவு மட்டும் இல்லை. மூக்குப் போன்ற குழாயுடன் தெருவெங்கும் 2,000-க்கும் மேற்பட்ட நீர்த்தூண்கள் இடையறாது நல்ல நீரைத் தந்துகொண்டிருக்கின்றன.

எமக்கு எது பிடித்தது என்று கேட்பீராயின், மோந்தியையே சொல்வோம். புதனுக்கு முந்திய இரவுக்கு மட்டும் போர்கோவைச் சேர்த்துக்கொள்ளலாம். கன்னியர் இல்லங்களையும் விலக்கவில்லை. தம்பதியர்க்கு ஏற்ற அறையும் இரவில் திரும்புவோர்க்குச் சாவியும் தரும் இல்லங்கள் உண்டு, கேட்டறிந்தபின் செல்லுங்கள். ஆனால் எம் விருப்பம் இங்கு முக்கியமன்று. முன்பு செய்த பிழையே அதுதான்.

அவெந்தீனோ குன்றின் சரிவில் சாந்தா பிரிஸ்கா என்றொரு சிற்றாலயம் உண்டு. பிரிஸ்காவும் அவர் கணவர் அக்கிலாவும் வாழ்ந்த இல்லத்தோடு மரபு அதனை இணைத்துப் பேசும். கூடாரம் தைத்துப் பிழைத்த தம்பதியர் அவர்கள். கிளாடியு பேரரசரின் ஆணையால் உரோமையை விட்டு வெளியேறி, கொரிந்துவில் புனித சின்னப்பருக்குத் தங்க இடம் கொடுத்தனர். பின்னர் உரோமையில் அவர்கள் வீட்டிலேயே திருச்சபை கூடியது. புதிய ஏற்பாட்டில் அவர்கள் பெயர் ஆறு இடங்களில் வருகிறது. ஓரிடத்திலேனும் ஒருவர் பெயர் தனித்து வரவில்லை. சில இடங்களில் மனைவியின் பெயரே முன்னே நிற்கிறது. அவ்வாலயத்தில் அந்தப் பிற்பகல் நாம் அமர்ந்திருந்தபோது, படியில் இருபது நிமிடம் அமர்ந்திருந்த அவ்விருவரையும் நினைத்துச் செபித்தோம்.

ஊர் திரும்பியதும் அவர்கள் வீட்டிற்குச் சென்று கண்டவற்றைச் சொன்னோம். “அடுத்த தடவை பிள்ளையோட போவோம் சாமி” என்றார் அப்பெண். கணவர் இம்முறை சிரித்தார். “எங்கே தங்குறதுன்னு அவ பார்த்துச் சொல்லட்டும்” என்றார்.

மணமுடிக்க இருக்கும் அன்பு மக்களே, பங்குமனைக்கு வந்து ஆலோசனை கேளுங்கள், அறிந்ததைச் சொல்கிறோம். ஆனால் அதற்குமுன் வரைபடத்தை விரித்துவைத்து நீங்கள் இருவரும் ஒருவரையொருவர் கேளுங்கள். ஓசை ஆகுமா, மேடு ஏற முடியுமா, எவ்வளவு செலவிடலாம், எதைக் காண ஆசை என்று பேசுங்கள். நாளை வீடு கட்டும்போதும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்போதும் நீங்கள் பேசவேண்டிய முறையும் அதுவே. உங்கள் பயணம் இனிதாக இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக!